மூன்றாம் பந்தி

போன வருஷம் எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை மதியம் அசனம், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற விருந்து. விடியற்காலை மூன்று மணிக்கே கோயிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஆறு மணிக்கு நான் எழுந்து போனபோது புகை கண்ணைக் கரித்தது. ஒரு பக்கம் கத்தரிக்காய் நறுக்கிக் குவித்துக் கிடந்தது, இன்னொரு பக்கம் ஆட்டுக்கறி கழுவிக்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் கோயிலைப் பல வருஷமாகக் கூட்டிப் பெருக்குகிறவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் “யய்யா, எப்ப வந்த?” என்று கேட்டு, கையைச் சேலையில் துடைத்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். வெங்காயத்தினாலோ புகையினாலோ அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. பந்தலில் கூட்டம் நெருக்கியடித்தது. நானும் வரிசையில் நின்றேன். கமிட்டி செயலாளர் வந்து, “அண்ணாச்சி, நீங்க ஏன் இங்க நிக்கீங்க? உள்ள வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். போதகர் குடியிருக்கும் குருமனையின் முன்னறையில் மேஜை போட்டு வெள்ளை விரித்திருந்தார்கள். தண்ணீர் பாட்டில் வரிசையாக வைத்திருந்தது, தலைக்கு மேல் ஃபேன் ஓடியது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஆடு வாங்கிக் கொடுத்தவர்கள், சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வந்தவர்கள், பக்கத்துச் சேகரத்துப் போதகர் ஐயர். பந்தலில் போட்ட அதே சோறும் கறிக்குழம்பும்தான் எங்களுக்கும், ஆனால் கூடவே பொரித்த சீலா மீன் ஒரு தட்டு வந்தது. ஜன்னல் வழியாகப் பந்தல் முழுக்கத் தெரிந்தது. சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது.

கை கழுவ வெளியே வந்தபோது மூன்றாம் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. சமைத்தவர்கள், அண்டா கழுவினவர்கள், முதல் இரண்டு பந்திக்கும் வாளி தூக்கிய பையன்கள் எல்லாரும் அதில்தான் உட்காருவார்கள். அது எங்கள் ஊரில் எழுதாத வழக்கம். பாட்டியின் இலையில் சோறும் ரசமும் மட்டும் இருந்தன. “பாட்டி, கறி வரலியா?” என்று கேட்டேன். “தீந்துட்டாம்யா. எனக்குத்தான் பல்லு இல்லியே, ரசம் போதும்” என்றார். எந்த வருத்தமும் இல்லாமல்தான் சொன்னார். என் விரலில் அப்போதும் மீன் வாசனை இருந்தது.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் செயலாளர் மூன்று நாளாகத் தூங்காமல் ஓடியவர். ஆடு கொடுத்தவர்களை வெயிலில் நிறுத்தக்கூடாது என்று நினைப்பது நம் ஊரில் மரியாதை. நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலை, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்து ஆராதனையில், அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

ஆச்சி போட்ட கணக்கு

திருவிருந்துக்கு முன்னால் வாசிக்கும் பகுதி சின்ன வயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். கர்த்தராகிய இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று ராத்திரியிலே அப்பத்தை எடுத்து என்று தொடங்கி, அபாத்திரமாய்ப் புசிக்கிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான் என்று முடியும். சிறுவனாக இருந்தபோது இந்த “அபாத்திரமாய்” என்கிற வார்த்தை என்னை ரொம்பப் பயமுறுத்தியது. திடப்படுத்தல் வகுப்பில் அதற்குச் சொன்ன விளக்கம், பாவத்தோடு திருவிருந்துப் பந்திக்குப் போகாதே என்பதுதான். பாவம் என்றால் பொய், திருட்டு, சினிமா, வீட்டுக்குத் தெரியாமல் பிடித்த பீடி. முழங்கால் போடுவதற்கு முன் இதையெல்லாம் விரல்விட்டு எண்ணி மன்னிப்புக் கேட்பேன். பல பேருக்கு இன்றைக்கும் அப்படித்தான். தன்னைத்தானே சோதித்தறிவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தனியாகச் செய்கிற காரியம்.

என் ஆச்சி மட்டும் வேறு கணக்கு வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரியோடு வேலித் தகராறு இருந்த ஒரு மழைக்காலம் முழுக்க அவர் பந்திக்குப் போகவில்லை. மூன்றாவது மாதம், திருவிருந்துக்கு முந்தின சாயங்காலம், ஒரு சொம்பில் பதநீர் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது சொம்பில் முருங்கைக்கீரை இருந்தது. மறுநாள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். ஆச்சிக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். திதாக்கே என்று ஒரு நூல் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஆதிச் சபைக்காக எழுதப்பட்ட அந்தச் சின்னக் கைநூலின் 14-ம் அதிகாரம் அவர் செய்ததைத்தான் கட்டளையாகச் சொல்கிறது: தோழனோடு பிணக்கு வைத்திருக்கிறவன் சமாதானமாகும்வரை உங்களோடு கூடிவரக்கூடாது. பல நூற்றாண்டு காணாமல்போயிருந்த அந்த நூலை, 1056-ல் எழுதிய ஒரு தோல் ஏட்டுத் தொகுப்பில் பிலொதெயோஸ் பிரியென்னியோஸ் என்கிற கிரேக்க ஆயர் 1873-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்தார். 1883-ல் அச்சில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து பந்திக்குப் போனேன். அப்பத்தை வாங்கும்போது ரசம் ஊற்றிய அந்த இலைதான் கண்ணில் நின்றது.

பதினேழாம் வசனம்

அன்று மத்தியானம் வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தைத் திறந்தேன். முதலாம் கொரிந்தியர் 11. எனக்கு மனப்பாடமான பகுதி 23-ம் வசனத்தில் தொடங்குகிறது. முதல் முறையாக, யாரும் கேட்காமல், ஆறு வசனம் மேலே போய் 17-லிருந்து வாசித்தேன். அதற்கு முன் வாசித்திருக்க மாட்டேன் என்றில்லை. கண் கடந்து போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அங்கே, கொரிந்து ஊர்ச் சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதும் அப்போஸ்தலன் பவுல் கோபமாக இருக்கிறார். நீங்கள் கூடிவருவது நன்மைக்கு அல்ல, தீமைக்கே என்கிறார். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே அல்ல என்கிறார். ஏன்? “அவனவன் தன்தன் சொந்த சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான், ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்.” அடுத்த வசனத்தில் கேட்கிறார்: “இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?” இதற்குப் பிறகுதான், இந்தக் கோபத்தின் நடுவில்தான், இயேசு அப்பத்தை எடுத்த அந்த ராத்திரியைப் பற்றிப் பேசுகிறார். “அபாத்திரமாய்” வருவது அதற்கும் பின்னால். இத்தனையும் சொல்லிவிட்டு 33-ம் வசனத்தில் அவர் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: “நீங்கள் போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.”

நாற்பது வருஷமாக ஒரு கடிதத்தின் நடுப்பக்கத்தை மட்டும் வாசித்திருக்கிறேன் என்று தோன்றியது. தொடக்கமும் முடிவும் சாப்பாட்டைப் பற்றி இருக்கிறது, பந்திக்கு யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்பதைப் பற்றி இருக்கிறது. அபாத்திரமாய் என்பது இலக்கணப்படி வினையடை. சாப்பிடுகிற ஆள் தகுதியானவனா என்று பவுல் அங்கே கேட்கவில்லை, சாப்பிடுகிற விதம் தகுதியானதா என்று கேட்கிறார். கிரேக்க மூலத்திலும் அது வினையடைதான். கர்த்தருடைய சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் என்று சொல்கிறாரே, அந்தச் சரீரம் எது? ஒரு அதிகாரம் முன்னால், அநேகரான நாம் ஒரே அப்பமும் ஒரே சரீரமுமாயிருக்கிறோம் என்று எழுதியிருக்கிறார். ஒரு அதிகாரம் பின்னால், கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று எழுதுகிறார். தட்டிலிருக்கும் அப்பத்தோடு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளும் அந்தச் சரீரத்தில் சேர்த்திதான். இந்த வசனத்தை வேறு விதமாக வாசிப்பவர்கள் உண்டு, நிறையவே உண்டு. எனக்கு இப்போது வேறு விதமாக வாசிக்க முடியவில்லை.

கொரிந்துவின் சாப்பாட்டு அறை

கொரிந்து பணம் புழங்கிய ஊர். கி.மு. 146-ல் ரோமர்கள் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், நூறு வருஷம் கழித்து கி.மு. 44-ல் ஜூலியஸ் சீசர் குடியேற்ற நகராகத் திரும்ப எழுப்பினார். குடிவந்தவர்களில் விடுதலை பெற்ற அடிமைகள் நிறைய. இந்தப் பக்கம் கெங்கிரேயா, அந்தப் பக்கம் லெகாயம் என்று இரண்டு துறைமுகம். அடிமையாகப் பிறந்தவன் மகன் ஊர்ப் பெரிய மனிதனாகக்கூடிய இடம். ஆகவே யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது அங்கே லேசான விஷயமாக இருந்திருக்காது. பவுல் எபேசுவிலிருந்து இந்தக் கடிதத்தை எழுதியது கி.பி. 50-களின் நடுவில். சபைக்கு என்று அப்போது தனிக் கட்டடம் கிடையாது. வசதியான ஒருவர் வீட்டில் கூடுவார்கள். காயு என்பவர் சபை முழுவதையும் உபசரித்தார் என்று ரோமர் நிருபத்தின் கடைசியில் வருகிறது.

அந்தக் காலத்து வசதியான வீட்டின் சாப்பாட்டு அறையில் மூன்று சாய்வுக் கட்டில்கள் இருக்கும். கட்டிலுக்கு மூன்று பேராக ஒன்பது பேர் சாய்ந்துகொண்டு சாப்பிடுவார்கள். மீதிப் பேர் நடு முற்றத்தில். உள்ளே யார் படுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. நேரமும் வசதியானவர்களுக்குத்தான் கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் கான்ஸ்டன்டைன் அறிவித்தது 321-ல்தான். அதற்கு முன் அது எல்லாரும் வேலை செய்கிற நாள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவனும் எஜமானியின் அடுப்படியில் நிற்கிற அடிமைப் பெண்ணும் வேலை முடிந்து வரும்போது இருட்டியிருக்கும். உள்ளே இருந்தவர்கள் தாங்கள் கொண்டுவந்ததைத் தாங்களே சாப்பிட்டுக் குடித்து முடித்திருப்பார்கள். இந்தப் பிரிவினைகளைப் பற்றிக் கேள்விப்படுகிறேன் என்று எழுதும் பவுல், அதே கடிதத்தின் தொடக்கத்தில் குலோவேயாளின் வீட்டார் தனக்குச் செய்தி சொன்னதாக எழுதுகிறார். வீட்டார் என்றால் அந்த வீட்டு அடிமைகளாகவும் இருக்கலாம். இதையும் அவர்கள்தான் சொன்னார்களோ என்று எனக்கு ஒரு ஊகம். பிந்தி வந்து வெறும் பாத்திரத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் இது செய்தியாகத் தெரிந்திருக்கும்.

கொரிந்துக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துச் செய்யவில்லை. ஊர் உலகத்தில் விருந்து அப்படித்தான் நடந்தது. ரோமப் பிரபுவான பிளினி ஒரு கடிதத்தில் தான் போன ஒரு விருந்தைப் பற்றி எழுதியிருக்கிறார். விருந்து கொடுத்தவன் திராட்சரசத்தை மூன்று தரமாகச் சின்னக் குப்பிகளில் ஊற்றி வைத்திருந்தானாம். முதல் தரம் அவனுக்கும் முக்கிய விருந்தாளிகளுக்கும், இரண்டாம் தரம் சாதாரண நண்பர்களுக்கு, மூன்றாவது விடுதலை பெற்ற அடிமைகளுக்கு. பிளினிக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டில் எல்லாருக்கும் ஒன்றுதான், அவர்கள் என் ரசத்தைக் குடிப்பதில்லை, நான் அவர்கள் குடிப்பதைக் குடிக்கிறேன் என்கிறார். இதே பிளினிதான் பின்னால் பித்தினியா என்கிற ரோம மாகாணத்தின் ஆளுநராகி, 112 வாக்கில் கிறிஸ்தவர்களை விசாரித்துப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், பிறகு கலைந்துபோய், மறுபடி கூடிச் சாப்பிடுகிறார்கள், சாதாரணமான, தீங்கில்லாத சாப்பாடு என்று குறிப்பிடுகிறார். அந்த உண்மையை வரவழைக்க ஊழியக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அதே கடிதத்தில் எழுதுகிறார். எஜமானும் அடிமையும் ஒரே சாப்பாட்டுக்கு உட்காருகிற கூட்டத்தில் அந்தப் பெண்களுக்கு ஒரு பொறுப்பும் பெயரும் இருந்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் ஞாபகம் வரும். அவருக்கு எங்கள் சபைப் பதிவேட்டில் இருக்கும் பட்டம், கோயில் கூட்டுகிறவர்.

நீர், நீ

ஆதிச் சபை என்றதும் பிரசங்கங்களில் உடனே வருவது அப்போஸ்தலர் நடபடிகளின் 2-ம் 4-ம் அதிகாரங்கள். சகலமும் பொதுவாய் வைத்து அனுபவித்தார்கள், நிலத்தை விற்றுக் கொண்டுவந்து பாதத்தில் வைத்தார்கள். கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். ஆனால் நம்மால் ஆகாத காரியம் என்று மனது அதை அப்போதே பரணில் ஏற்றிவிடும். இரண்டு அதிகாரம் தள்ளி ஆறாம் அதிகாரத்தில் நடப்பதைப் பற்றி நான் அதிகம் பிரசங்கம் கேட்டதில்லை. அன்றாட விசாரிப்பில் கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு வருகிறது. எருசலேம் சபை முதன்முதலாக ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஒரு பொறுப்பைக் கொடுத்தது இதற்காகத்தான். சோறு எல்லார் இலைக்கும் போய்ச் சேருகிறதா என்று பார்க்க ஏழு பேர். நம் வேதாகமம் அந்த வேலைக்குப் போட்டிருக்கும் வார்த்தை பந்திவிசாரணை. அசனத்தில் வாளி தூக்கி, கடைசி வரிசைக்குக் குழம்பு போனதா என்று எட்டிப் பார்த்த யாருக்கும் இந்த வார்த்தைக்கு விளக்கம் வேண்டாம். விடுபட்டவர்கள் கிரேக்கம் பேசுகிறவர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர்.

யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தைத் தமிழில் வாசிக்கும்போது மொழிபெயர்த்தவர்கள் கை நடுங்காமல் செய்திருக்கும் ஒன்று கண்ணில் படும். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு, “ஐயா, நீர் இந்த நல்ல இடத்தில் உட்காரும்.” கந்தை கட்டிய தரித்திரனுக்கு, “நீ அங்கே நில்லு, அல்லது இங்கே என் பாதபடியண்டையிலே உட்காரு.” கிரேக்கத்தில் இரண்டு பேருக்கும் ஒரே சொல்தான், நீர் என்றும் நீ என்றும் பிரிக்கிற வசதி அந்த இடத்தில் இல்லை. தமிழுக்கு வந்தபோது நம் நாக்கு தானாகவே அதைப் பிரித்துவிட்டது. இது மொழிபெயர்ப்பில் பிழை என்று சொல்ல மாட்டேன். யாக்கோபு எதைக் கண்டித்தாரோ அதைத் தமிழ் வாசகன் காதால் கேட்கும்படி செய்திருக்கிறார்கள். “அண்ணாச்சி, உள்ள வாங்க” என்று என்னைக் கூப்பிட்டதும், “ஏ பாட்டி, அந்தால தள்ளி உக்காரு” என்று பந்தலில் ஒரு பையன் சொன்னதும் ஒரே மத்தியானத்தில் நான் கேட்டவைதான்.

இந்தப் பாரபட்சத்தைப் பற்றி ஆதிச் சபை எழுதிவைத்ததில் என்னை ரொம்ப அசைத்தது திதஸ்காலியா. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாப் பக்கத்தில் எழுதப்பட்ட சபை ஒழுங்கு நூல். கிரேக்கத்தில் எழுதினாலும் சிரியாக் மொழியில்தான் முழுதாகப் பிழைத்திருக்கிறது. யார் எங்கே உட்கார வேண்டும், சின்னப் பிள்ளைகள் எங்கே, விதவைகள் எங்கே என்றெல்லாம் கண்டிப்பாக வரிசைப்படுத்திவிட்டு, ஆராதனை நடக்கும்போது ஒருவர் பிந்தி வந்தால் என்ன செய்வது என்ற இடத்துக்கு வருகிறது. உலகத்தில் மதிப்புள்ள ஒருவர் வந்தால், ஆயரே, நீ பேச்சை நிறுத்தி அவருக்கு இடம் தேடாதே, சகோதரர்களில் ஒருவர் எழுந்து இடம் கொடுக்கட்டும் என்கிறது. வந்தது ஏழை என்றால், அதுவும் வயதானவர் என்றால், இடமும் இல்லை என்றால்? அப்போது ஆயரே, முழு மனதோடு நீயே இடம் உண்டாக்கு, நீ தரையில் உட்கார வேண்டி வந்தாலும் சரி என்கிறது. பணக்காரருக்கு யாரோ ஒருவர் எழுந்தால் போதும். ஏழைக்கிழவிக்கு ஆயரே எழ வேண்டும். இதை வாசித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன். குருமனை அறையில் எங்கள் பத்துப் பன்னிரண்டு பேரில் யார் எழுந்திருக்க முடியும் என்று யோசித்தால், எல்லாருமே எழுந்திருக்க முடியும். ஃபேனுக்கு அடியில் நாற்காலிகூடக் காலியாக இருந்தது.

எண்பத்திரண்டு சேலை

இதெல்லாம் எழுத்தில் மட்டும்தானா என்று கேட்கலாம். நடந்தது என்பதற்குக் கைக்கு அகப்படும் சாட்சிகள் இருக்கின்றன. 155 வாக்கில் ரோமில் ஜஸ்டின் என்கிற கிறிஸ்தவ ஆசிரியர், ஞாயிறு கூடுகையைப் பற்றி எழுதும்போது, வசதியுள்ளவர்கள் மனதுக்குத் தோன்றியதைக் கொடுக்கிறார்கள், அதை வைத்து அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உதவுகிறார்கள் என்கிறார். வராதவர்களின் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகிறார்களாம். அது எனக்குத் தெரிந்த காட்சி. என் அப்பா ஒவ்வொரு அசனத்திலும் தான் உட்காருவதற்கு முன் படுக்கையில் கிடப்பவர்களுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவார், சைக்கிள் ஹேண்டிலில் இரண்டு பக்கமும் வாளி ஆடும். 251 வாக்கில் ரோம் சபை 1,500-க்கும் மேற்பட்ட விதவைகளையும் ஏழைகளையும் தாங்கிக்கொண்டிருந்தது என்று அதன் ஆயர் கொர்னேலியு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அப்போது சபைக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை.

இவற்றில் எனக்குப் பிடித்தது அதிகாரிகள் எழுதிய ஒரு பட்டியல். இன்றைய அல்ஜீரியாவில் கான்ஸ்டன்டைன் என்று அழைக்கப்படும் நகரத்தின் அந்தக் காலத்துப் பெயர் சிர்த்தா. 303 மே 19 அன்று, கிறிஸ்தவர்கள்மேல் அரசு உபத்திரவம் நடத்திய காலத்தில், அதிகாரிகள் அங்கே சபை கூடும் வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொரு பொருளாக எழுதிக்கொண்டார்கள். பொன் பாத்திரம் 2, வெள்ளிப் பாத்திரம் 6, விளக்குகள். அப்புறம் பெண்கள் உடுத்தும் அங்கி 82, முக்காடு 38, ஆண்கள் அங்கி 16, ஆண்கள் செருப்பு 13 ஜோடி, பெண்கள் செருப்பு 47 ஜோடி. சாப்பாட்டு அறையைத் திறந்தபோது நான்கு பெரிய சாடிகளும் ஆறு மிடாக்களும் இருந்தன. அந்த 82 அங்கியும் 47 ஜோடிச் செருப்பும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கச் சேர்த்துவைத்தவையாகத்தான் இருக்க வேண்டும். நம் கணக்கில் 82 சேலை. பறிமுதல் செய்ய வந்தவன் எழுதிவைத்த சாட்சி என்பதால் அதை நான் கூடுதலாக நம்புகிறேன்.

பிறகு கூட்டம் பெருகியது, பெரிய கட்டடங்கள் வந்தன. திதாக்கே நன்றி ஜெபத்துக்கு முன் “நிறைவாகச் சாப்பிட்ட பிறகு” என்று சொல்கிறது, அப்படியென்றால் அது வயிறு நிறையச் சாப்பிட்ட பந்தி. நாளடைவில் அப்பமும் திராட்சரசமும் ஒரு துணுக்கும் ஒரு மிடறுமாகச் சுருங்கி ஆராதனைக்குள் போய்விட்டன. சாப்பாடு அன்பின் விருந்தாகத் தனியே பிரிந்தது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், தேவாலயத்துக்குள் அந்த விருந்தை நடத்தக்கூடாது என்று தடையே போட்டது. ஒரு துணுக்கு அப்பத்தில் பெரிய பங்கு, சின்னப் பங்கு என்று பேதம் பண்ண இடமில்லை. எங்கள் ஊரில்கூட அந்த மரக்கிராதி முன்னால் ஆடு கொடுத்தவரும் கோயில் கூட்டுகிறவரும் ஒரே வரிசையில்தான் முழங்கால் போடுகிறார்கள். அதுவும் லேசில் வந்துவிடவில்லை. தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக உட்காருவதும், ஒரு சாதிக்குப் பின்தான் இன்னொரு சாதி பாத்திரத்தை வாங்குவதும் நடந்தன. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833-ல் அதை அடியோடு விடச்சொல்லி எழுதியபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கூட்டம் கூட்டமாகச் சபையை விட்டே வெளியேறினார்கள்.

ஆகவே எனக்குப் படுவது இதுதான். பவுல் எச்சரித்த அந்த மேஜை இன்றைக்கு நம் கோயிலுக்குள் இல்லை, கோயிலுக்கு வெளியே போட்ட பந்தலில் இருக்கிறது. அசனம்தான் கொரிந்து விருந்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறது. அங்கேதான் பசியும் உண்டு, முந்துவதும் பிந்துவதும் உண்டு, கறி தீர்ந்துபோவதும் உண்டு. அந்த வசனத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசிப்பதை விட, சனிக்கிழமை மத்தியானம் குருமனை வாசலில் நின்று வாசிக்க வேண்டும். தன்னைத்தானே சோதித்தறிய அங்கே கண்ணை மூட வேண்டியதில்லை, திறந்து பந்தலைப் பார்த்தால் போதும்.

இந்த வருஷம்

கமிட்டி செயலாளரிடம் போனில் பேசினேன். வசனத்தைச் சொல்லி ஆளை மடக்குவது எனக்குப் பிடிக்காது, அதனால் பாட்டியின் இலையைப் பற்றி மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “கவனிக்கல அண்ணாச்சி. ஆனா அந்த ரூமை எடுக்க முடியாது. கொடுக்கிறவங்க சங்கடப்படுவாங்க” என்றார். அவருடைய கஷ்டம் எனக்குப் புரிந்தது. அந்தச் சங்கடத்தைத் தாங்குவது அவர் வேலை அல்ல, எங்களைப் போன்றவர்கள் வேலை.

இந்த வருஷமும் குருமனையில் வெள்ளை விரித்திருந்தார்கள். கூப்பிட வந்தவரிடம், நான் வாளி தூக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பந்திக்கும் சாம்பார் வாளி என் கையில். உள்ளங்கையில் கம்பி அழுத்திச் சிவந்துவிட்டது. மூன்றாம் பந்திக்குப் பையன்களோடு போய் உட்கார்ந்தேன். பாட்டி எனக்கு அடுத்த இலையில். “ஏன்யா இங்க வந்து உக்காந்திருக்க? உள்ள போ” என்று தொடையில் தட்டினார். இந்தத் தடவை ஒரு தூக்கு நிறையக் கறி எடுத்துவைத்திருந்தார்கள், செயலாளரே கொண்டுவந்து வைத்தார். ஆனால் சோறு தீர்ந்துவிட்டது. இன்னொரு அண்டா உலையில் இருக்கிறது, வடிக்கக் கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். பாட்டி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, என் இலையையும் இழுத்துத் துடைத்து வைத்தார். எதிர் வரிசையில் ஒரு பையன் கறியை மட்டும் எடுத்து வாயில் போடப் போனான். “பொறுல, எல்லாருக்கும் சோறு வரட்டும்” என்றார் பாட்டி. அவன் கையை எடுத்துக்கொண்டான். நாங்கள் காத்திருந்தோம்.